உண்ண முடியாத கூட்டுக்கு ‘உண்ணத்தக்கது’ என்று பெயர்: அந்தமானின் இரு உழவாரன்களும் ஒரு பெயர்க்குழப்பத்தின் வரலாறும்

1758ஆம் ஆண்டு, தம் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பில், கார்ல் லின்னேயஸ் கீழ்த்திசைப் பறவை ஒன்றுக்கு ‘ஹிருண்டோ எஸ்குலெண்டா’ என்று பெயரிட்டார். ‘எஸ்குலெண்டா’ என்பதற்கு இலத்தீனில் ‘உண்ணத்தக்கது’ என்று பொருள். சீனர்கள் பெருவிலை கொடுத்து வாங்கிச் சாறாக்கிப் பருகும் கூட்டைக் கட்டுவது இப்பறவையே என்னும் எண்ணத்தில் அமைந்த பெயர் அது. ஆனால் அப்பெயர் சென்று ஒட்டிக்கொண்ட பறவையின் கூடு பாசியும் புல்லும் நாரும் கலந்தது. வணிகத்தில் அதற்கு மதிப்பில்லை. உண்ணத்தக்க கூட்டைக் கட்டும் பறவை அதன் நெருங்கிய உறவினம். அதற்கு 1812இல் லின்னேயஸின் மாணவரான கார்ல் பீட்டர் துன்பெர்க் ‘ஹிருண்டோ ஃபூசிஃபாகா’ என்று பெயரிட்டார். ‘கடற்பாசி தின்பது’ என்பது அதன் பொருள். அப்பறவையோ கடற்பாசியைத் தின்பதில்லை. பறந்தபடியே சிறு பூச்சிகளைப் பிடித்து உண்பது.

ஆக, இரு உறவினங்கள், இரு பெயர்கள், இரண்டும் பிழை. விலங்கியல் பெயரிடலின் முன்னுரிமை விதிப்படி, முதலில் முறையாக இடப்பட்ட பெயர் பொருந்தாப் பொருள் தருகிறது என்பதற்காக மாற்றப்படுவதில்லை. எனவே இப்பிழைகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிவியலின் ஆட்சிமொழியில் நிலைத்துவிட்டன. ஒரு பெயர்ப்பிழை அகராதிக்குள் அடங்கிவிடுவதா, அல்லது பறவையின் வாழ்வையும் தொடுவதா என்னும் வினாவுக்கு அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் விடை தருகின்றன. இரு பறவைகளும் அங்கு அருகருகே கூடு கட்டி வாழ்கின்றன.

தமிழில் இக்குடும்பப் பறவைகளை உழவாரன் என்கிறோம். பனை உழவாரன், நாட்டு உழவாரன் ஆகியவை தமிழ்நாட்டில் பலரும் அறிந்தவை. புல் செதுக்கும் கருவியாகிய உழவாரத்தோடு இப்பெயர் ஒத்திருப்பதைக் காணலாம். வளைந்து நீண்ட சிறகு அக்கருவியை நினைவூட்டுவதே காரணமாகலாம். தகைவிலான்களைப் போலத் தோன்றினும் இவை அவற்றுக்கு உறவல்ல. இக்கட்டுரையில் வசதி கருதி, உண்ணத்தக்க கூட்டைக் கட்டுவதை வெண்கூட்டு உழவாரன் என்றும், மற்றதை மினுக்கு உழவாரன் என்றும் குறிப்போம். கறாராகச் சொன்னால் இவை கடற்பறவைகள் அல்ல; கடலில் இரை தேடுவதில்லை. ஆயினும் கடலோரப் பாறைக் குகைகளில் வாழ்வதாலும், இவற்றின் கூடு கடலிலிருந்து பிறந்தது என்னும் பழைய நம்பிக்கையாலும், இவற்றின் வரலாறு கடலோடு பின்னிப் பிணைந்தது.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். மினுக்கு உழவாரன் சிறியது, முதுகில் நீலமோ பசுமையோ கலந்த கரும்பளபளப்பு, வயிறு வெண்மை. வெண்கூட்டு உழவாரன் சற்றுப் பெரியது. பளபளப்பற்ற கரும்பழுப்பு நிறம். மினுக்கு உழவாரன் வெளிச்சம் எட்டும் இடங்களில், அதாவது குகை வாயிலருகிலும் வீட்டு இறவாரத்திலும் கட்டடங்களின் உட்புறத்திலும் கூடு வைக்கும். தாவரப் பொருள்களை உமிழ்நீரால் ஒட்டிக் கூட்டை அமைக்கும். வெண்கூட்டு உழவாரன் ஒளி புகாத குகையின் உட்பகுதிக்குச் செல்லும். அங்கே ஆணும் பெண்ணும் பல வாரங்கள் உழைத்துத் தம் உமிழ்நீர் இழைகளைச் சுவரில் படிய விட்டு, ஏறத்தாழ முழுவதும் உமிழ்நீராலேயே ஆன சிறு தொட்டில் ஒன்றைக் கட்டும். இரண்டும் பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடும். முன்னது உமிழ்நீரைப் பசையாக மட்டும் பயன்படுத்துகிறது; பின்னது அப்பசையையே வீடாக்குகிறது. வெண்கூட்டு உழவாரனின் துயரம் முழுவதற்கும் இவ்வேறுபாடே வேர்.

அக்கூடு எதனால் ஆனது என்பதை ஐரோப்பியர் நெடுங்காலம் அறியவில்லை. கடல்நுரை, மீன்சினை, கடற்பாசி எனப் பல ஊகங்கள் உலவின. துன்பெர்க்கின் பெயர் அவ்வூகங்களில் ஒன்றின் உறைந்த வடிவமே. நிக்கோபாரிலும் ஓர் ஊகம் பிறந்தது. 1779 முதல் 1787 வரை அத்தீவுகளில் வாழ்ந்த மொராவிய மறைப்பணியாளர் ஜொஹான் காட்ஃபிரீட் ஹென்சல், அங்கு வளரும் ஒரு மரத்தின் பிசினே கூட்டின் மூலப்பொருள் என்று கருதினார். அவருடைய நிக்கோபார்க் கடிதங்கள் ஆங்கிலத்தில் வெளிவந்ததும் 1812இல்தான். ஒரே ஆண்டில் ஒருவர் கடற்பாசியைப் பெயரில் பதித்தார். மற்றொருவரின் மரப்பிசின் அச்சேறியது. 1817இல் எவரார்டு ஹோம் என்னும் ஆங்கில உடற்கூற்றியலாளர் பறவையின் உடலுக்குள்ளேயே விடையைத் தேடினார். ஆனால் இரைப்பைப் பகுதிச் சுரப்பிகளைக் காரணம் காட்டினார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜாவாவில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் பெர்ன்ஸ்டைன், இனப்பெருக்கக் காலத்தில் பருத்து விரியும் நாவடி உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடையாளம் கண்ட பின்னரே ஐயம் நீங்கத் தொடங்கியது.

இதற்கிடையே 1840இல் ஜி. ஆர். கிரே இப்பறவைகளுக்குக் ‘கொல்லோகாலியா’ என்னும் பேரினத்தை அமைத்தார். கிரேக்கத்தில் ‘கொல்லா’ என்றால் பசை. ‘காலியா’ என்றால் குடில் அல்லது கூடு. ‘பசைக்கூடு’ என்ற இப்பெயர் முந்தைய இரண்டையும் விட உண்மைக்கு நெருக்கமானது. எனினும் எல்லாப் பெயர்களும் ஒரு பொதுப்பண்பைக் காட்டுகின்றன. எஸ்குலெண்டா, ஃபூசிஃபாகா, கொல்லோகாலியா ஆகிய மூன்றுமே கூட்டை நோக்கிய பெயர்கள். பறவையை நோக்கியவை அல்ல. சந்தையில் பொருள் முதலில் வந்தது. அதைச் செய்த உயிர் பின்னரே தேடப்பட்டது. சீனத்தில் இக்கூட்டை ‘யென்வோ’, அதாவது தகைவிலான் கூடு என்பர். அங்கும் உழவாரனின் உழைப்பு வேறொரு பறவையின் கணக்கில் எழுதப்பட்டது.

அந்தமானில் இடப்பட்ட பெயர்கள் வேறொரு தன்மை கொண்டவை. அங்குள்ள மினுக்கு உழவாரனை 1867இல் ராபர்ட் சிசில் பீவன் ‘அஃபினிஸ்’ என்று விவரித்தார். ‘உறவுடையது’ என்பது பொருள். 1873 மார்ச்சில் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் வங்காள விரிகுடாத் தீவுகளுக்குப் பயணம் செய்தார். பின்னாளில் இந்திய தேசிய காங்கிரசின் தோற்றத்துக்குக் காரணமானவர்களுள் ஒருவராக அறியப்பட்ட அதே ஹியூம்தான் அவர். நிலவியலாளர் ஸ்டோலிச்கா உள்ளிட்டோர் உடன் சென்றனர். தாம் நடத்திய ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழில் ஹியூம் அத்தீவுகளின் பறவைகளை விரிவாக எழுதினார். வெண்கூட்டு உழவாரனின் அந்தமான் வடிவத்துக்கு அவர் அளித்த பெயர் ‘இனெக்ஸ்பெக்டாட்டா’. ‘எதிர்பாராதது’ என்பது பொருள். ஒன்று ‘உறவுடையது’, மற்றொன்று ‘எதிர்பாராதது’. இவ்விரு சொற்களும் பின்னர் நிகழவிருந்ததற்கு வியப்பூட்டும் வகையில் பொருந்தின.

20ஆம் நூற்றாண்டில் ஒப்பீடு கூட்டிலிருந்து ஒலிக்கு நகர்ந்தது. இருட்டில் இப்பறவைகள் எவ்வாறு வழி காண்கின்றன? 1959இல் மெட்வே பிரபு உழவாரன்களின் எதிரொலி அறிதிறன் குறித்து எழுதினார். அதே ஆண்டில் ஆல்வின் நோவிக், இலங்கைக் குகைகளில் வாழும் ஓர் உழவாரனிடம் அத்திறனை ஆய்ந்து வெளியிட்டார். வௌவாலின் ஒலி மனிதச் செவிக்கு எட்டாது. உழவாரனின் ‘டிக் டிக்’ ஒலியோ நம் காதிலும் விழும். வெண்கூட்டு உழவாரனுக்கு இத்திறன் உண்டு. மினுக்கு உழவாரனுக்கு இல்லை. எனவே முன்னது இருளின் உள்ளே செல்கிறது. பின்னது ஒளியின் எல்லையில் நிற்கிறது. ஓபர்ஹோல்சர் 1906இல் உருவாக்கியிருந்த ‘ஏரோட்ராமஸ்’ என்னும் பெயரை, 1970களின் தொடக்கத்தில் ஆர். கே. ப்ரூக் எதிரொலியால் வழி காணும் இனங்களுக்கு உரியதாக மீட்டெடுத்தார். ‘காற்றில் ஓடுவது’ என்ற அப்பெயர் முதன்முறையாகக் கூட்டை விட்டுப் பறவையைப் பார்த்தது. ஆனால் இவ்வெல்லையும் முழுமையானதன்று. 2004இல் பிரைஸும் உடன் ஆய்வாளர்களும், கொல்லோகாலியாவைச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் இனம் ஒன்றும் எதிரொலித் திறன் உடையது என்று காட்டினர். ஒரே பண்பைக் கொண்டு உறவை வரையறுப்பது மொழிக்குடும்ப ஆய்வில் எவ்வளவு ஆபத்தானதோ, பறவையியலிலும் அவ்வளவே.

2017இல் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. பரந்த ‘எஸ்குலெண்டா’ தொகுதி பல தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டது. அந்தமான் மினுக்கு உழவாரன் அவற்றுள் ‘கொல்லோகாலியா அஃபினிஸ்’ என்னும் இனத்துக்குள் வந்தது. 1867ஆம் ஆண்டுப் பெயர் இனப்பெயராக உயர்ந்தது. உண்ண முடியாத கூட்டைக் கட்டிய தீவுப்பறவை, ‘உண்ணத்தக்கது’ என்னும் பெயரிலிருந்து இறுதியில் விடுபட்டது.

இனி தீவுகளின் பக்கம் வருவோம். பிரித்தானியக் குடியேற்றத்துக்கு முன்பிருந்தே மலாய், சீன, பர்மியப் படகுகள் பறவைக்கூட்டையும் கடல் அட்டையையும் தேடி அந்தமான் கரைகளுக்கு வந்தன. தீவின் தொல்குடிகளைப் பிடித்து அடிமைகளாக விற்றதும் இவ்வருகைகளோடு சேர்ந்தே நடந்தது என்பதை எம். வி. போர்ட்மன் 1899இல் வெளியிட்ட வரலாறு பதிவு செய்கிறது. வெளியாரை அம்பெய்து விரட்டிய அந்தமானியரின் பகைமைக்கு இவ்வணிகமும் ஒரு காரணம். கூட்டின் வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட இயலாது. பின்னர் பெருநிலத்திலிருந்து வந்து குடியேறியோரிடையே இப்பறவைக்கு ‘ஹவாபில்’ என்னும் பெயர் வழங்கியது. உருதுவில் தகைவிலானைக் குறிக்கும் ‘அபாபீல்’ என்ற சொல், காற்றைக் குறிக்கும் ‘ஹவா’வின் ஈர்ப்பால் இவ்வடிவம் பெற்றதாகத் தோன்றுகிறது. பல மொழியினர் கூடி வாழும் தீவில் இத்தகைய நாட்டார் சொற்பிறப்பு இயல்பானதே.

ஒரு கிலோ கூட்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கூடுகள் தேவை. ஒவ்வொன்றும் ஓர் இணையின் பல வார உழைப்பு. கூடு பறிக்கப்பட்டால் பறவை மீண்டும் கட்டும். அதுவும் பறிக்கப்பட்டால் மீண்டும் முயலும். முட்டையும் குஞ்சும் இருக்கும் கூடுகள் பறிக்கப்படும்போது ஒரு தலைமுறையே குகைத்தரையில் விழுகிறது. குகை எவருக்கும் உரியதன்று என்னும் நிலையில், இன்று விட்டுவைத்தால் நாளை மற்றொருவன் எடுத்துக்கொள்வான் என்ற அச்சமே ஒவ்வொரு சேகரிப்பாளரையும் இயக்கியது.

கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அமைந்த சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன், 1990களில் இத்தீவுகளின் முந்நூறுக்கும் மேற்பட்ட குகைகளை ஆய்வு செய்தார். 2001இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, வெண்கூட்டு உழவாரனின் தொகை ஏறத்தாழ பத்தாண்டுகளில் 80 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிட்டதாக மதிப்பிட்டது. உலக அளவில் இவ்வினம் அழிவின் விளிம்பில் இல்லை. தென்கிழக்காசியாவில் கட்டடங்களில் இது பெருந்தொகையாக வாழ்கிறது. ஆனால் ஹியூம் ‘எதிர்பாராதது’ என்றழைத்த தீவு வடிவத்தின் நிலை அதுவன்று. உலகப் பட்டியல் ஒரு பெயரைக் காண்கிறது. தீவில் மறைவது அப்பெயருக்குள் அடங்கிய தனி வரலாறு.

சட்டமும் பெயரையே பற்றிக்கொண்டு நடந்தது. 1994இல் இவ்வகை உழவாரன்களை அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்க இத்தாலி முன்மொழிந்து, பின்னர் அம்முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. அதற்கு மாற்றாக நிறைவேறிய தீர்மானம், ‘கொல்லோகாலியா பேரினத்தின் உண்ணத்தக்க கூடு கட்டும் உழவாரன்கள்’ என்று பேசியது. இன்றைய வகைப்பாட்டின்படி படித்தால், அத்தலைப்பு உண்ண முடியாத கூட்டைக் கட்டும் பேரினத்தையே சுட்டும். இந்தியாவில் 2000களின் தொடக்கத்தில் வெண்கூட்டு உழவாரன், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் உரிய உயர்ந்த காப்பு அது. ஆனால் ரவி சங்கரனின் நிலைப்பாடு மாறுபட்டது. குஞ்சு பறந்து சென்ற பின் எஞ்சும் வெற்றுக் கூட்டை எடுப்பதால் பறவைக்கு இழப்பில்லை. அதையும் குற்றமாக்கினால் சேகரிப்பாளருக்குக் குகையைக் காக்கக் காரணம் இல்லாமல் போகும். தொலைவான காடுகளிலும் தீவுகளிலும் சிதறிக் கிடக்கும் குகைகளைக் காவலரால் மட்டும் காக்க இயலாது. எனவே பறவையால் பயன்பெறுவோரே அதன் காவலராக வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

இவ்வாதத்துக்கு எதிர்ப்பும் நியாயமானதே. சட்டப்படியான சந்தை ஒன்று திறந்தால், திருட்டுக் கூடும் அதன் வழியே நுழையும். வெற்றுக் கூட்டையும் குஞ்சிருந்த கூட்டையும் விற்பனைத் தட்டில் வேறுபடுத்துவது கடினம். ஆகவே வாதம் நூலகத்தில் முடியவில்லை; குகையில் சோதிக்கப்பட்டது. வனத்துறையும் அம்மையமும் இணைந்து, வடக்கு அந்தமானின் சாலிஸ் ஏக் பகுதிச் சுண்ணாம்புக்கல் குகைகளிலும் இன்டர்வியூ தீவிலும் காவலைத் தொடங்கின. ‘சாலிஸ் ஏக்’ என்றால் இந்தியில் சொல்லுக்குச் சொல் ‘நாற்பது ஒன்று’, எண்ணே ஊர்ப்பெயரானது. முன்பு கூடு பறித்தவர்களே அங்குக் காவலராயினர். எந்தப் பிளவில் எத்தனை இணைகள் உள்ளன, எப்போது குஞ்சு பறக்கும் என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் இல்லை. காக்கப்பட்ட குகைகளில் பறவைகள் பெருகின. காவல் இல்லாத குகைகளில் வீழ்ச்சி தொடர்ந்தது.

மற்றொரு முயற்சி மத்திய அந்தமானின் துகாபூரில் நிகழ்ந்தது. இரு உறவினங்களின் கதையும் ஒன்று சேரும் இடம் அதுவே. வெண்கூட்டு உழவாரனை வீடுகளில் குடியமர்த்த வேண்டும். ஆனால் பிறந்த இடத்துக்கே திரும்பும் பறவையை அழைத்து வருவது எளிதன்று. மினுக்கு உழவாரனோ ஏற்கெனவே மனிதர் கட்டடங்களில் கூடு வைத்திருந்தது. எனவே குகையிலிருந்து எடுத்த வெண்கூட்டு உழவாரன் முட்டைகளை மினுக்கு உழவாரனின் கூட்டில் வைத்து, அதையே வளர்ப்புத் தாயாக்க முயன்றனர். இந்தோனேசியாவில் கூட்டு வணிகர் நெடுங்காலம் கையாண்ட உத்தி இது. காக்கை கூட்டில் குயில் முட்டை என்பது தமிழர் நன்கறிந்த காட்சி. ஆனால் அங்குக் குயில் காக்கையை ஏமாற்றுகிறது. இங்கோ அழியும் உறவினத்துக்கு உறவினமே தாயாகும்படி மனிதர் இடைநின்று கேட்கின்றனர்.

இம்முட்டை மாற்றம் சாத்தியமாக வேண்டுமெனில் இரு பறவைகளின் வேறுபாட்டையும் ஒற்றுமையையும் ஒருசேர அறிந்திருக்க வேண்டும். இரண்டும் பறக்கும் பூச்சிகளையே குஞ்சுக்கு ஊட்டுகின்றன என்பது ஒற்றுமை. மினுக்கு உழவாரன் தாழ்வாகவும், வெண்கூட்டு உழவாரன் உயரத்திலும் இரை தேடும் போக்குடையவை என்பது வேறுபாடு. ரவி சங்கரனோடு பணியாற்றிய சிரீஷ் மஞ்சி, இவ்விரண்டின் இரைதேடலை ஒப்பிட்டு அவருடன் இணைந்து எழுதிய கட்டுரை 2010இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 2009 ஜனவரி 17 அன்று, மையத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே ரவி சங்கரன் மாரடைப்பால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 45.

லின்னேயஸின் பிழை ஒரு தனிமனிதரின் கவனக்குறைவு அன்று. பொருளை அறிந்து, அதைப் படைத்த உயிரை அறியாத ஒரு வணிக உலகத்தின் பார்வை அது. அப்பார்வையே கூட்டுக்கு விலை வைத்துக் குஞ்சைக் கணக்கிலிருந்து நீக்கியது. பெயரைத் திருத்துவதால் மட்டும் பறவை பிழைப்பதில்லை. ஃபூசிஃபாகா இன்றும் கடற்பாசி தின்பதாகவே பெயரளவில் வாழ்கிறது. ஆனால் எந்தப் பறவை, எந்தக் குகை, எந்தத் தொகை என்று பிரித்தறியாத பாதுகாப்பும் பிழைப்பதில்லை. பீவன் ‘உறவுடையது’ என்றது வகைப்பாட்டு உறவை மட்டுமே. துகாபூரில் அச்சொல் மற்றொரு பொருளும் பெற்றது: ஒன்றின் முட்டைக்கு மற்றொன்றின் கூட்டில் இடம் கேட்கும் உறவு.